எதிர்வீட்டுப் புருஷன்

எதிர்வீட்டுப் பல் டாக்டர் தன் மனைவிக்குத் தினமும் காலையில் தலை வாரிவிடுகிறார் என்ற செய்தி, ஒரு செவ்வாய்க்கிழமை ஏழே காலுக்கு மாஸ்டரின் காதில் விழுந்தது. காதில் விழுந்தது என்பது சும்மா ஒரு பேச்சுக்கு. உண்மையில் அது நெஞ்சில் விழுந்து, அங்கேயே காலை நீட்டிப் படுத்துக்கொண்டது.

"எதிர்வீட்டு அக்காதான் சொன்னாங்க," என்றாள் அவர் மனைவி, ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே. "ஒரு முடிகூட இழுபடாதாம். பூ மாதிரி வாருவாராம்."

"அவர் பல் டாக்டர். சீப்புக்கும் பல்லு இருக்கு. தொழில் பழக்கம்."

தன் சிலேடைக்கு மாஸ்டர் தானே சிரித்துக்கொண்டார். மனைவி சிரிக்கவில்லை. ஒரு பெருமூச்சு விட்டாள். பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். பெருமூச்சுக்கும் மாத்திரைக் கணக்கு உண்டு. இது குறில் இல்லை. நெடிலும் இல்லை. அளபெடை.

மாஸ்டருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது தொழில். காலை எட்டு மணியிலிருந்து ஸ்டியரிங்கையும் தன் உயிரையும் இன்னொருத்தர் கையில் கொடுத்துவிட்டு, தன் பக்கம் இருக்கிற இரண்டாவது பிரேக்கின் மேல் காலை வைத்தபடி, "கிளட்ச்ச மெதுவா விடுங்க... மெதுவா... மெதுவான்னு சொன்னேன்!" என்று கத்துகிற வேலை. நாள் பூராவும் கத்திவிட்டு வீட்டுக்கு வந்தால் அவருக்குப் பேச்சே வராது. நாற்காலி, டிவி, சாப்பாடு, தூக்கம். இருபது வருஷக் குடித்தனத்தை அவர் நியூட்ரலில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தார். பாதை இறக்கமாக இருந்ததால் வண்டி எப்படியோ ஓடிக்கொண்டிருந்தது.

மகள் வெளியூர்க் கல்லூரி விடுதியில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வீட்டிலிருந்த சத்தமெல்லாம் அவள் பெட்டியோடு போய்விட்டது. இப்போது மூன்று அறை, இரண்டு ஆள். ஃபிரிட்ஜ் உறுமுவதுதான் அந்த வீட்டிலேயே நீண்ட பேச்சு.

அன்றைக்கு மாஸ்டருக்கு வேலை ஓடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டிய பாங்க் மேனேஜரம்மா, "மாஸ்டர், சிவப்பு விளக்கு எரியுது, நிறுத்தணுமா?" என்று கேட்டபோது, "ஒரு முடிகூட இழுபடாதாம்!" என்றார். அந்தம்மா பயந்துபோய் நிறுத்திவிட்டாள்.

மறுநாள் காலை அவர் மனைவியின் பின்னால் போய் நின்றார்.

"சீப்பக் குடு."

"எதுக்கு?"

"வாரிவிடத்தான். அந்த டாக்டருக்கு மட்டுந்தான் கை இருக்கா?"

வாரினார். நடுவில் ஒரு சிக்கு. மாஸ்டர் விடுவாரா? இழுத்தார்.

"ஐயோ! தலையா, கியரா? இந்த இழு இழுக்கிறீங்க!"

"ரிவர்ஸ் எடுக்கிறேன், ஆடாம இரு."

அவள் சிரித்துவிட்டாள். கண்ணாடியில் அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் மாஸ்டருக்கு உள்ளுக்குள் என்னமோ செய்தது. மூன்று மாதமாக அது எங்கே போயிருந்தது? யோசிப்பதற்குள் அவள் அடுத்த குண்டைப் போட்டாள்.

"டாக்டர் வாரும்போது பாட்டுக்கூட முணுமுணுப்பாராம்."

அதற்குப்பிறகு வாரத்துக்கு இரண்டு செய்தியாவது வந்தது. டாக்டர் அக்காவின் சாப்பாட்டு டப்பாவில் தினமும் ஒரு காதல் சீட்டு வைக்கிறாராம். பாத்திரம் கழுவும்போது அக்காவின் இடுப்பைப் பிடித்து இரண்டு சுற்று ஆடுகிறாராம். நோயாளி வாயைத் திறந்து வைத்துக் காத்திருக்க, அக்காவுக்குப் போன் போட்டு "சாப்ட்டியா கண்ணு?" என்று கேட்கிறாராம்.

எதிர்வீட்டு அக்கா வீட்டிலேயே துணி தைப்பவர். இரண்டு பெண்களும் படிக்கட்டுத் திருப்பத்தில் நின்று மணிக்கணக்காகப் பேசுவார்கள். அக்கா ஊசியில் நூல் கோப்பதுபோல மெதுவாகப் பேசுவார். அந்த நூல் மாஸ்டர் கழுத்தைச் சுற்றும் என்று யார் கண்டது?

மாஸ்டரும் சீட்டு எழுதினார். மொட்டை மாடிக்குப் போய், முக்கால் மணி நேரம் வானத்தைப் பார்த்து எழுதினார்: "என் அன்பே, நான் எந்தக் கண்ணாடியை பார்த்தாலும் அதில் உன்னை தான் பார்க்கிறேன். பின்னால் வரும் லாரி கூட தெரிவதில்லை."

சாயங்காலம் டப்பா திரும்பி வந்தது. சீட்டும் வந்தது. சிவப்பு மையில் திருத்தி, பத்துக்கு ஆறு போட்டிருந்தாள்.

"என்னடி இது?"

"வலி மிகுற இடத்துல எல்லாம் ஒற்ற விட்டுட்டீங்க. 'கண்ணாடியைப் பார்த்தாலும்', 'உன்னைத்தான்'."

"புருஷன் ஆசையா எழுதினா ஒற்றா பாப்பே?"

"ஒற்று இல்லாம ஒற்றுமை எப்படிங்க வரும்?" என்றாள். சொல்லிவிட்டு அந்தச் சீட்டை மடித்துத் தன் கைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டாள். மாஸ்டர் அதைக் கவனிக்கவில்லை. அவர் கவனமெல்லாம் எதிர்வீட்டுக் கதவின்மேல் இருந்தது.

டாக்டரைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது. இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. பளபளக்கும் ஷூ. சிரித்தால் முப்பத்திரண்டும் வரிசையில் நிற்கும். 'சிரிப்பா அது? விளம்பரப் பலகை!' என்று மாஸ்டர் கருவினார். ஆனால் ஒன்று, சில நாட்களாகப் படிக்கட்டில் எதிர்ப்பட்டால் டாக்டர் சிரிப்பதில்லை. முறைத்துவிட்டுப் போனார். 'பாத்தியா திமிர! பொண்டாட்டி பாராட்டுறான்னு தலைக்கு ஏறிடுச்சு.'

போதாக்குறைக்கு, பல் சுத்தம் செய்யப் போய்விட்டு வந்த மனைவி, "டாக்டருக்குக் கை என்ன மெதுங்க! வலியே தெரியல," என்றாள்.

அன்று ராத்திரி தூக்கத்தில் மாஸ்டர் பல்லை நறநறவென்று கடித்தார். மறுநாளும் கடித்தார். நடனம் பழகினார், "லெஃப்ட் கால்... லெஃப்ட்... ஏம்மா, திரும்புறதுக்கு முன்னாடி சொல்ல வேண்டாமா?" என்று சொல்லிக்கொண்டே மனைவியின் கால் கட்டைவிரலை மிதித்தார். அவள் வலியில் கத்திக்கொண்டே சிரித்தாள். அவரும் சிரித்தார். ஆனால் ஆடும்போதும் 'அந்த ஆள் இதைவிட நல்லா ஆடுவானோ?' என்று பல்லைக் கடித்தார். பத்தொன்பதாம் நாள் கடைவாய்ப் பல் ஒன்று 'டக்'கென்று விரிசல் விட்டது.

வேறு பல் டாக்டரிடம் போக ஒன்றரை மணி நேரப் பயணம். வலியோ ஒன்றரை நிமிஷம்கூடப் பொறுக்கவில்லை. யாரை நினைத்துப் பல்லைக் கடித்தாரோ, அவரிடமே பல்லைக் காட்டப் போனார் மாஸ்டர்.

டாக்டர் அவரைச் சாய்வு நாற்காலியில் படுக்கவைத்து, முகத்துக்கு நேரே விளக்கைத் திருப்பினார். முகமூடிக்கு மேலே இரண்டு கண் மட்டும் தெரிந்தது. அதில் நட்பு இல்லை.

"திறங்க."

திறந்தார்.

"இன்னும். பாடறப்ப மட்டும் நல்லாத் திறக்குதாமே?"

"ஆ?"

"ஆடாதீங்க, ஊசி போடுறேன். தினமும் குளிக்கும்போது, பொண்டாட்டி பேர வெச்சுப் பாட்டுக் கட்டிப் பாடுறீங்களாமே. எங்க வீட்டுல ஒரே புகழ்ச்சி. 'மாஸ்டரப் பாருங்க, மாஸ்டரப் பாருங்க'ன்னு காதுல ரத்தம் வருது."

ஊசி இறங்கியது. மாஸ்டரின் பாதி நாக்கும் ஒரு பக்க உதடும் மரத்துப்போயின. உயிரைக் கொடுத்து மறுத்தார்.

"நான் பாழல... பாடல!"

"பாடல்தான். அதைத்தான் நானும் சொல்றேன். எத்தனை பாடல்?"

"ஐயோ! பா-ட-லை!"

"பாடலையா? ஓ, புத்தகமாவே போடப் போறீங்களா?" டாக்டர் துளை போடும் கருவியை எடுத்தார். கர்ர்ரென்று அது சுற்றியது. "ஞாயிற்றுக்கிழமையானா பயிற்சி மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போயி, கியர்மேல அவங்க கைய வெச்சு, அந்தக் கைமேல உங்க கைய வெச்சு, வண்டி ஓட்டிக் காட்டுறீங்களாமே? நான் எங்க போவேன் கியருக்கு? என் நாற்காலில அவளப் படுக்கவெச்சு மேலயும் கீழயும் ஏத்தி எறக்கிக் காட்டினேன். தலை சுத்துதுன்னு எழுந்து போயிட்டா!"

மாஸ்டரின் கண் விரிந்தது. கையை உயர்த்தி, டாக்டரின் கையைப் பிடித்து, கருவியை நிறுத்தினார். மரத்த நாக்கைத் திரட்டிக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டார்.

"நீங்க... தலை... வாரி... விடுழதில்லை?"

"யாருக்கு?"

"அக்காவுக்கு."

"எனக்கு என் தலையே வாரத் தெரியாது. அவதான் வாரிவிடுறா."

"ழப்பால சீட்டு? ஆட்டம்? 'சாப்ட்டியா கண்ணு'?"

டாக்டர் முகமூடியைக் கழற்றினார். "மாஸ்டர், போன் பண்றது நீங்கதானே? நீங்க நடுரோட்டுல காரை நிறுத்திட்டுப் பேசுறீங்கன்னு சொன்னதாலதான் நானும் பேச ஆரம்பிச்சேன். போன வாரம் ஒரு பெரியவர் நான் பேசி முடிக்கிறதுக்குள்ள வாயத் திறந்தபடியே தூங்கிட்டாரு!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். டாக்டர் கருவியைக் கீழே வைத்தார்.

"வாயக் கொப்பளிச்சுத் துப்புங்க," என்றார் டாக்டர் மெல்ல.

"துப்பு கெழச்சிருச்சு டாக்டர்," என்றார் மாஸ்டர்.

பல் அடைபட்டது. கூடவே ஒரு ஒப்பந்தமும் ஏற்பட்டது. திங்கள் முதல் ஒரு வாரம் எதுவும் கிடையாது. சீப்பு, சீட்டு, பாட்டு, போன், எல்லாம் நிறுத்தம். பொய் சொல்லிப் புருஷனை ஆட்டிவைத்தவர்கள் கொஞ்சம் தவிக்கட்டும். ரப்பர் உறை போட்ட கையும் உறை போடாத கையும் குலுங்கின.

"கடைசிவரைக்கும் உறுதியா இருக்கணும் மாஸ்டர்."

"மலை மாதிரி நிப்பேன் டாக்டர்."

திங்கட்கிழமை மாஸ்டர் சீப்பைத் தொடவில்லை. மனைவி கண்ணாடியில் ஒரு நிமிஷம் காத்திருந்தாள். பிறகு தானே வாரிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். ஏன் என்று கேட்கவில்லை. செவ்வாயும் கேட்கவில்லை. டாக்டரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்தப் பெருமூச்சுகூட இல்லை. மாஸ்டர் அவள் கேட்பாள் என்று பதில்களெல்லாம் தயார் செய்து வைத்திருந்தார். கேள்வியே வராமல் பதில்கள் வயிற்றுக்குள் கிடந்து புளித்தன.

செவ்வாய் சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்தபோது மனைவி இல்லை. எதிர்வீட்டிலிருந்து பாட்டுச் சத்தம். நடுவில் தடதடவென்று ஆடும் சத்தம். பிறகு சிரிப்பு. ஒன்று அக்கா சிரிப்பு. இன்னொன்று, சந்தேகமே இல்லை, தன் வீட்டுச் சிரிப்பு!

மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்தார். கதவில் காதை வைத்தார். 'அந்த ஆள் உள்ளே ஆடுறான். என் பொண்டாட்டி பாத்துச் சிரிக்கிறா. ஒப்பந்தம் போட்டு என்னைக் கட்டிப்போட்டுட்டு, இவன் கச்சேரி நடத்துறான்!'

புதன்கிழமை போன் போட்டார்.

"டாக்டர், ஒப்பந்தம் எப்படிப் போகுது?"

"நான் உறுதியா இருக்கேன்," டாக்டர் குரலில் ஐஸ் கட்டி மிதந்தது. "நீங்க?"

"நான் மலை."

"கேள்விப்பட்டேன்," என்று சொல்லி டாக்டர் டக்கென்று வைத்துவிட்டார்.

அந்த 'கேள்விப்பட்டேன்' மாஸ்டரைக் குடைந்தது. வியாழக்கிழமையும் எதிர்வீட்டில் பாட்டு, ஆட்டம், சிரிப்பு. எட்டு மணிக்கு மனைவி முகமெல்லாம் வேர்த்து, கன்னம் சிவந்து வந்தாள். இருபது வயது குறைந்திருந்தது.

"எங்க போயிருந்தே?"

"எதிர்ல."

"யார் யாரு இருந்தீங்க?"

"இருந்தோம், எல்லாரும்," என்றாள். முணுமுணுத்துப் பாடிக்கொண்டே அடுப்படிக்குப் போனாள்.

'எல்லாரும்' என்ற அந்த ஒரு சொல்லில் மலை சரிந்தது.

சனிக்கிழமை மத்தியானம். மாஸ்டர் இரண்டு வகுப்பை ரத்து செய்தார். முடி வெட்டிக்கொண்டார். புதுச் சட்டை போட்டார். பெரிய பூங்கொத்து ஒன்று வாங்கினார். பூங்கா ஏரியில் அன்னம்போல உருவம் வைத்த மிதிபடகு விடுவார்கள். அதற்கு இரண்டு சீட்டும் வாங்கிக்கொண்டார். கல்யாணமான புதிதில் கூட்டிப்போவதாகச் சொல்லி, இன்னும் கூட்டிப்போகாத படகு. எல்லாவற்றையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு மாடி ஏறினார்.

முதல் திருப்பத்தில் டாக்டர் நின்றார். அவர் முதுகும் சுவரோடு ஒட்டியிருந்தது. அவர் கைகளும் பின்னால் இருந்தன.

"என்ன மாஸ்டர், பக்கவாட்டுல ஏறுறீங்க?"

"முதுகு வலி. நீங்க?"

"எனக்கும்."

இருவரும் எதிரெதிர்ச் சுவரில் முதுகைத் தேய்த்தபடி, நண்டுபோல, படி படியாக ஏறினார்கள். நாலாவது படியில் டாக்டரின் தோளுக்கு மேலே ஒரு ரோஜா எட்டிப்பார்த்தது.

"துரோகி!" என்றார் மாஸ்டர்.

"யாரு துரோகி? உங்க முதுகுல என்ன, புதர் மொளச்சிருக்கா? மொதல்ல மீறினது நீங்க! திங்களும் புதனும் உங்க வீட்டுல ஒரே பாட்டு, ஆட்டம். நான் காதால கேட்டேன்!"

"திங்களும் புதனும் எனக்கு எட்டு மணி வரைக்கும் வகுப்பு! நான் வீட்டுலயே இல்ல. செவ்வாயும் வியாழனும் உங்க வீட்டுலதான் ஆட்டம்!"

"செவ்வாயும் வியாழனும் எனக்கு ஒன்பது மணி வரைக்கும் கிளினிக்!"

மேலே மாஸ்டர் வீட்டுக் கதவு திறந்தது. டீச்சரும் அக்காவும் வெளியே வந்து, கைப்பிடியில் சாய்ந்து, கீழே பார்த்தார்கள். இருவரும் நல்ல உடுப்பில், செருப்பு மாட்டித் தயாராக இருந்தார்கள்.

"நாங்க ரெண்டு பேருந்தான் ஆடினோம்," என்றாள் டீச்சர். "நீங்க ஆடலைன்னா நாங்க ஆடக்கூடாதா?"

மாஸ்டருக்குக் கோபம் வந்தது. பூங்கொத்தோடு கோபப்படுவது கஷ்டம் என்றாலும் முயன்றார்.

"இல்லாததையும் பொல்லாததையும் சொல்லி, எங்க ரெண்டு பேரையும் மோத விட்டுட்டு... வேணும்னா என்கிட்ட நேரா கேட்டிருக்கலாமே?"

டீச்சர் இரண்டு படி இறங்கி வந்தாள்.

"கேட்டேங்க. பொண்ண விடுதில விட்டுட்டு வந்த அன்னிக்கு, வீடு என்னவோ போல இருக்கு, எங்கயாவது போயிட்டு வரலாமான்னு கேட்டேன். 'நாள் பூரா கார்லதான் உக்காந்திருக்கேன், மறுபடியுமா'ன்னீங்க. என் பிறந்த நாளுக்குக் கேட்டேன். 'பாக்கலாம்'னீங்க. ஒரு நாள் டிவியை நிறுத்திட்டு, உங்க முன்னாடி நின்னு, என்கூட கொஞ்ச நேரம் பேசுங்கன்னு கேட்டேன். 'என்ன பேசணும்?'னீங்க. எனக்கு அழுகை வந்துருச்சு. அப்பத்தான் அக்கா சொன்னாங்க, இந்த மனுஷங்க காதுல நம்ம பேச்சு ஏறாது, பக்கத்து வீட்டுப் புருஷன் பேர் மட்டுந்தான் ஏறும்னு."

அக்கா மேலேயிருந்து மெதுவாகத் தலையாட்டினார். டாக்டர் தன் ஷூவைப் பார்த்தார்.

மாஸ்டருக்கு மூன்றும் ஞாபகம் வந்தது. மூன்றாவது நாள் டிவியில் என்ன ஓடியது என்று யோசித்துப் பார்த்தார். அது மட்டும் ஞாபகம் வரவில்லை. ஞாபகம்கூட இல்லாத ஒன்றுக்காகவா அவள் கேட்டதைத் தட்டிக்கழித்தோம்? பூங்கொத்தை நீட்டினார்.

"தப்புதான்மா."

"தப்புத்தான்," என்று திருத்தி வாங்கிக்கொண்டாள் டீச்சர். கண்ணில் நீர் முட்டியது, உதட்டில் சிரிப்பு.

டாக்டரும் ரோஜாக்களைக் கொடுத்தார். சட்டைப் பையிலிருந்து இரண்டு சீட்டுகளையும் எடுத்தார். அதே ஏரி. அதே அன்னப் படகு.

அரை மணி நேரத்தில் ஏரியில் இரண்டு அன்னங்கள் இறங்கின. ஒன்றில் டாக்டரும் அக்காவும். இன்னொன்றில் மாஸ்டரும் டீச்சரும். இளம் வெயில். தண்ணீர் சளசளவென்று படகின் அடியில் பேசிக்கொண்டிருந்தது. டீச்சர் பூங்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு மாஸ்டரின் தோளில் சாய்ந்தாள். தோளை அசைக்காமல் எப்படி மிதிப்பது என்று அவர் ரொம்பப் பாடுபட்டார்.

கொஞ்ச நேரம் அவர்தான் பேசினார். சிவப்பு விளக்கில் பயந்த மேனேஜரம்மாவைப் பற்றிச் சொன்னார். பல் கடித்ததைச் சொன்னார். நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு பாடலோடு மல்லுக்கட்டியதைச் சொன்னார். அவள் படகு ஆடும்படி சிரித்தாள். இருபது வருஷத்தில் அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை. பேசிய பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பயிற்சி மைதானத்துப் பொய்யில் வந்ததுபோலவே, அவள் கைமேல் தன் கையை வைத்துக்கொண்டார்.

"இனிமே எனக்கும் அந்த ஆளுக்கும் போட்டியே கிடையாது. போட்டி, பொறாமை எல்லாம் இன்னியோட தீந்துது," என்றார் குரல் தழுதழுக்க. "உனக்கு என்ன வேணும்னாலும் சரி, பொய்யெல்லாம் வேண்டாம். என் கண்ணப் பாத்து நேரா கேளு. உடனே செய்வேன்."

"நிஜமா?"

"சத்தியமா."

டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவர் கண்ணை ஆழமாகப் பார்த்தாள். மாஸ்டருக்கு நெஞ்சு படபடத்தது. கல்யாணமான முதல் வாரத்தில் படபடத்த மாதிரியே படபடத்தது.

"கொஞ்சம் வேகமா மிதிங்க," என்றாள் அவள். "டாக்டர் படகு முன்னாடி போகுது."